நாக்கு அறுத்த அக்கார்டியன்

என் அண்ணன் டெல்மர் ஹ்ரூஸ்காவின் அக்கார்டியனுக்குள் ஒன்றும் கிடையாது. காற்று போகும், காற்று வரும், சத்தம் மட்டும் வராது. உள்ளே வரிசை வரிசையாக இருந்த எஃகு நாக்குகளை ஒரு பிப்ரவரி மாதம் கராஜில் உட்கார்ந்து, திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, காபி டப்பாவில் போட்டவன் அவனேதான். கனம் முதுகை இழுக்கிறதாம். தன் வாத்தியத்தின் நாக்கைத் தன் கையாலேயே அறுத்த மனிதனைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வராது. கூடப் பிறந்த பாவத்துக்கு உண்மையாகவாவது எழுதிவிடுகிறேன்.

மானிடோவாக் ஊரிலிருந்து இருபது மைல் தள்ளி எங்கள் அப்பாவுக்குப் பால் பண்ணை இருந்தது. முப்பத்தாறு மாடு. விடியற்காலையில் அம்மாவும் நானும் கொட்டகையில் கறந்துகொண்டிருப்போம். டெல்மர் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், கால் நீட்டி உட்கார்ந்து போல்கா நடனப் பாட்டு பழகிக்கொண்டிருப்பான். "பையனுக்குக் கையில சங்கீதம் இருக்கு, அந்தக் கையைச் சாணியில வைக்கச் சொல்லாதே" என்று அப்பா சொல்லிவிட்டார். அவன் வாழ்க்கையில் கேட்ட முதல் பாராட்டு அது. அதற்குப் பிறகு அவன் எந்த வேலையையும் கையால் தொடவில்லை. பதினெட்டு வயதில் அவனுக்கு ஒன்பது பாட்டு தெரியும். ஐம்பத்தைந்து வயதிலும் அதே ஒன்பதுதான்.

ஆனால் சிரிப்பான். அதை மறைக்கக் கூடாது. மேடையில் ஏறிவிட்டால் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெர்னீஸ் ஏமாந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

பெர்னீஸ் என்றால் அலோய்ஸ் வாக்கல் மாமாவின் ஒரே மகள். பதினைந்து வயதில் டிரம் அடிக்க ஆரம்பித்தவள். மூடிப்போன ஒரு நடன ஹாலிலிருந்து அவளுக்காக அலோய்ஸ் மாமா டிரம் செட்டை டிராக்டர் வண்டியில் ஏற்றி வந்தார். அவள் அடியில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு அடியும் விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும். தப்பு இல்லை அது. ஆடுகிறவன் காலை எடுத்து வைக்கட்டும் என்று காத்திருப்பதுபோல இருக்கும். எண்பது வயதுக் கிழவி கூட அவள் அடிக்கு ஆடினால் இளைக்காமல் ஆடுவாள். லிண்டன் ஹாலில் பதினெட்டு வருஷம் பாரில் நின்று பிராந்தி ஊற்றியவள் நான். சனிக்கிழமை நடனத்துக்குக் கூட்டம் எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். டெல்மருக்கு மட்டும் தெரியாது. தன் பல்லுக்காக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

டெல்மர், பெர்னீஸ், டிரம்பெட்டுக்கு கிளாரன்ஸ் பெல்னர், டூபா என்ற பெரிய குழலுக்கு ஒருவர். நான்கு பேர். இருபத்திரண்டு வருஷம் கல்யாணமோ, தீயணைப்புப் படையின் விருந்தோ, எதுவானாலும் இந்த நால்வர்தான். பகலில் டெல்மருக்கு அலுமினியப் பாத்திர ஆலையில் உத்தியோகம், மூடிகளை எண்ணுவது.

அப்புறம் அந்தச் சனியன் வந்தது.

கிரீன் பே நகரில் ஒரு வாத்தியக் கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் செய்து காட்டினானாம். ஒரு கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியில் டிரம்பெட் ஊதுகிறது, அடுத்த பெட்டியில் டூபா முழங்குகிறது. நடுவில் இருப்பது ஒரு வயர்தான். ஐந்து ஊசி கொண்ட வட்ட முனை, சுண்டுவிரல் தடிமன். அதற்கு மிடி என்று பேர். டெல்மர் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்து, என் பாரில் உட்கார்ந்து விளக்கினான்.

"அந்த வயர்ல சத்தமே போகாது, மார்லீன். நம்ப மாட்டே. உத்தரவு மட்டும்தான் போகும். இந்தக் கட்டையை அழுத்து, இவ்வளவு பலமா அழுத்து, இப்ப விடு. அவ்வளவுதான். மிச்சத்தை அந்தப் பக்கத்துப் பெட்டி பாத்துக்கும்."

"அப்ப அந்த வயரு ஒரு வேலையும் செய்யாது?"

"ஒண்ணும் செய்யாது. ஏவும், அவ்வளவுதான்."

"உனக்குப் பிடிச்சதுல ஆச்சரியமில்லை" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு பிராந்தி கேட்டான்.

அந்த வருஷக் கோடைக்குள் கராஜ் நிறைந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டர், டிரம்பெட்டும் டூபாவும் அடைத்த ஒரு சத்தப் பெட்டி, அக்கார்டியனின் கட்டைகளுக்கடியில் ஒட்டவைத்த கம்பிகள். ஒன்பது பாட்டையும் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. முதலில் அக்கார்டியன் பகுதியைத் தானே வாசித்தான். பிறகு அதையும் ஏற்றிவிட்டான். கம்ப்யூட்டர் வாசிக்கும், இவன் துருத்தியை இழுத்து இழுத்துச் சிரிப்பான். நாக்குகள் காபி டப்பாவுக்குப் போனது அப்போதுதான்.

முதலில் டூபாக்காரர் போனார். அவருக்குக் கடிதம். கிளாரன்ஸுக்கு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், வாய் நிறைய பெர்ச் மீன் இருக்கும்போது சொன்னான். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கிளாரன்ஸ், இனிமே சனிக்கிழமை உனக்கு ஓய்வு."

"எந்தச் சனிக்கிழமை?"

"எல்லாச் சனிக்கிழமையும்."

கிளாரன்ஸ் மீனை விழுங்கினார். "டிரம்பெட்டு?"

"பெட்டில இருக்கு. உன்னை மாதிரி பல்லு ஆடுதுன்னு சொல்லாது. நேரத்துக்கு வரும்."

"உன் ஜோக்குக்குச் சிரிக்குமா?"

"அதெப்படி சிரிக்கும்?"

"அப்ப என்னைவிட நல்ல வாத்தியக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு கிளாரன்ஸ் அடுத்த துண்டை எடுத்தார். ஆனால் சாப்பிடவில்லை, தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். நான் பார்த்தேன். டெல்மர் மீனுக்குத் தொட்டுக்கொள்ள டார்டார் சாஸ் கேட்டான்.

மிச்சமிருந்தது பெர்னீஸ்.

அவளிடம் நேராகச் சொல்ல இவனுக்கு முதுகெலும்பு இல்லை. எட்டுக் கட்டம் போட்ட ஒரு ரப்பர் பலகையை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். "வீட்டுல சும்மா அடிச்சுப் பழகு, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்காது" என்றான். பலகையிலிருந்து ஒரு மிடி வயர், கடனில் வாங்கிய புது டிரம் பெட்டிக்குப் போயிற்று. அடுத்த குளிர்காலம் முழுக்க அந்த அப்பாவி கராஜில், கோட்டு போட்டுக்கொண்டு, ஒன்பது பாட்டுக்கும் அடித்துக் கொடுத்தாள். அவள் அடிக்க அடிக்கப் பெட்டி விழுங்கிக்கொண்டது.

பெர்னீஸ் முட்டாள் இல்லை. அந்தப் பெட்டிகளோடு வந்த புத்தகங்களைப் படித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். டெல்மர் படங்களைப் பார்ப்பான். ஒருநாள் மத்தியானம் பாருக்கு வந்து, காபியை ஆறவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"அது என் அடியை அப்படியே வாங்கலை, மார்லீன். வாங்கும்போதே தாளக் கட்டத்துக்குள்ள தள்ளி நேராக்கிடுது. நான் காத்திருக்கிற இடமெல்லாம் போயிடுது. கேட்டா நான்தான், ஆனா நான் இல்லை."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'இத்தனை வருஷமா நீ லேட்டா அடிச்சதை இப்பதான் ஒருத்தன் திருத்தியிருக்கான்'னு சிரிக்கிறான்."

அன்றைக்கே அவள் அந்தக் கராஜை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறுமை என்று ஊரில் அதற்குப் பேர். எனக்கு அவள்மேலும் கோபம்தான். பொறுமைசாலிகள் இல்லாவிட்டால் டெல்மர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

ஏப்ரலில் ஒரு நாள் அவள் டிரம் செட் இருந்த மூலை காலியாகக் கிடந்தது.

"என்னோடது எங்கே?"

"கடையில குடுத்துட்டேன். டிரம் பெட்டியோட கடனுக்கு மாத்தா எடுத்துக்கிட்டான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே" என்றான் என் அண்ணன். அதில் என்ன தப்பு என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த அக்டோபரில் அலோய்ஸ் மாமாவுக்கும் ஹெட்விக் அத்தைக்கும் ஐம்பதாவது கல்யாண நாள் வந்தது. காலையில் சர்ச்சில் பூசை, பிறகு கோழி விருந்து, இரண்டு மணிக்கு லிண்டன் ஹாலில் நடனம். எங்கள் பக்கம் நடனம் தொடங்குவது பெருநடையில்தான். தம்பதி கைகோத்து முன்னால் நடக்க, ஊரே ஜோடி ஜோடியாகப் பின்னால் வரும். ஹாலைச் சுற்றி வந்து, பிரிந்து, நால்வராகச் சேர்ந்து, எண்மராகச் சேர்ந்து, மேடைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நடுவில் நின்றால் அபசகுனம் என்று கிழவிகள் சொல்வார்கள்.

மாமாவுக்குச் சர்க்கரை. வலது பாதம் கறுத்துவிட்டது. கிரீன் பே டாக்டர் வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுப்பதாகத் தேதி குறித்திருந்தார். நடனமோ அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

"வியாழக்கிழமை அது டாக்டரோடது" என்றார் மாமா, வெள்ளிக்கிழமை தன் சமையலறையில். நானும் இருந்தேன், அத்தைக்கு கோலாச்சி ரொட்டிக்கு மாவு பிசைந்து கொடுக்கப் போயிருந்தேன். "ஞாயித்துக்கிழமை அது என்னோடது. என் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு முழு நடையும் நடப்பேன். நாற்காலி, ஊன்றுகோல், ஒண்ணும் வேண்டாம். பெர்னீஸ், நீ அடி. நான் நடக்கிறேன்."

பெர்னீஸ் வாய் திறப்பதற்குள் டெல்மர் புகுந்தான். "மாமா, முந்நூறு பேர் வர்றாங்க. என் சிஸ்டத்தை ஜனங்க முழுசாப் பாக்கட்டும். பெர்னீஸ் மகாராணி மாதிரி நின்னா போதும்."

"உன் சிஸ்டத்துக்கு என் காலைத் தெரியுமா?"

"நீங்க கொஞ்சம் தடுமாறினா வேகத்தைக் குறைக்கத் திருகு இருக்கு."

"யாரு திருகுவா?"

"நான்."

"அதான் பயம்" என்றார் மாமா. டெல்மர் சிரித்தான். மற்ற யாரும் சிரிக்கவில்லை. பெர்னீஸ் மாவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஒரு பாட்டு மட்டும், டெல்மர். பலகையில அடிக்கிறேன்" என்றாள். "வயரெல்லாம் மாத்தணும். ஒழுங்கா இருக்கறதை எதுக்குக் குலைக்கணும்?" என்று முடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. பாரில் ஆண்கள் ரேடியோவில் பாக்கர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் நான்கு பேர் இருக்கவேண்டிய இடத்தில் மேசைமேல் பெட்டிகள். ரப்பர் பலகையும் ஒரு ஸ்டாண்டில் நின்றது. வயர் எதுவும் செருகாமல், வெறும் அலங்காரத்துக்கு. நடுவில் என் அண்ணன், ஊமை அக்கார்டியனை மாட்டிக்கொண்டு, தலைமுடிக்குச் சாயம் போட்டு.

இந்தப் பெட்டிகள் கூட்டாக வாசிக்க ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒன்று தாளத்தின் வேகத்தைச் சொல்ல வேண்டும், மற்றவை கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் நாடித்துடிப்பு மாதிரி விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், டிரம் பெட்டி அதைக் கேட்டு நடக்கும். டிரம் பெட்டியை 'பிறர் பேச்சைக் கேள்' என்றும் வைக்கலாம், 'உன் இஷ்டத்துக்கு ஓடு' என்றும் வைக்கலாம். சனிக்கிழமை காலை டெல்மர் டிரம் பெட்டியை மட்டும் தனியாக ஓடவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கப் பழகியிருந்தான். அதற்காக அதை இஷ்டத்துக்கு ஓடு என்று வைத்தவன், திருப்பி வைக்க மறந்துபோனான்.

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். டூபா வந்தது, டிரம்பெட் வந்தது, அக்கார்டியன் வந்தது. டிரம் வரவில்லை. ஒரு கணம் பல் மறைந்தது. நிறுத்தினான். மறுபடி கம்ப்யூட்டரை ஒரு கையாலும் டிரம் பெட்டியை மறு கையாலும் ஒரே சமயத்தில் தட்டிவிட்டான். இரண்டும் சேர்ந்து ஓடின. பல் திரும்ப வந்தது.

தன் அப்பா அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த பெர்னீஸுக்குப் புரிந்துவிட்டது. விறுவிறு என்று மேடைக்குப் போனாள். நான் கோப்பைத் தட்டோடு பக்கத்தில் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"டெல்மர், டிரம் தன் இஷ்டத்துக்கு ஓடுது. நிறுத்திட்டு மாத்து. ரெண்டு எசமான் இருக்கு இப்ப."

"ரெண்டுலயும் நிமிஷத்துக்கு நூத்திப்பத்து அடிதான் வச்சிருக்கேன். நூத்திப்பத்தும் நூத்திப்பத்தும் ஒண்ணுதானே?"

"நீ குறைச்சா?"

"குறைக்க வேண்டி வராது. போ. போய்ச் சிரிச்சுக்கிட்டு நில்லு."

போனாள். போயிருக்கக் கூடாது. போனாள்.

நடை தொடங்கியது. முதல் சுற்று அலோய்ஸ் மாமா ராஜா மாதிரி நடந்தார். ஹெட்விக் அத்தையின் கை அவர் முழங்கையில். அவர் கழுத்தில் வேர்வை கோடாக இறங்குவது எனக்குத் தெரிந்தது. வலது கால் தரையை உரசியபடி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலுக்கு அரைக் கணம் கூட வேண்டியிருந்தது. நூற்றிப்பத்துக்கு அதைக் கொடுக்க மனமில்லை.

இரண்டாவது சுற்றில், வடக்குச் சுவருக்குப் பக்கத்தில், அவர் பின்தங்க ஆரம்பித்தார். டெல்மர் பார்த்தான். பெருந்தன்மையாகத் திருகைத் திருப்பினான்.

டூபா மெதுவானது. டிரம்பெட் மெதுவானது. டிரம் மெதுவாகவில்லை. அதற்கு யாரும் சொல்லவில்லை. அது தன் இஷ்டத்துக்கு, பெர்னீஸின் கையை நேராக்கி எடுத்த அந்த அடிகளை, விறைப்பாக நூற்றிப்பத்தில் அடித்துக்கொண்டு போனது. ஒரே ஹாலுக்குள் இரண்டு தாளம். மாமாவின் இடது கால் டூபாவைக் கேட்டது, கெட்டுப்போன வலது கால் டிரம்மைக் கேட்டது. முட்டி மடிந்தது. அத்தை தாங்கிப் பிடித்தாள். பின்னால் வந்த பாதிரியார் அத்தையின் முதுகில் மோதினார், அவர் முதுகில் அடுத்த ஜோடி. முந்நூறு பேரின் வரிசை ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்றது.

நடை நடுவில் நின்றுவிட்டது. மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அது வலியால் மட்டும் இல்லை.

டெல்மர் திருகை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். பிறகு பயத்தில், இவன் ஆயுளில் செய்த எல்லா முட்டாள்தனத்துக்கும் சிகரமாக, சத்தப் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டான். அந்த நேரத்தில் டூபா ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 'அழுத்து' என்ற உத்தரவு வந்து சேர்ந்திருந்தது. 'விடு' என்ற உத்தரவு இவன் கையில் இருந்த வயரோடு போய்விட்டது. விடு என்று யாரும் சொல்லாவிட்டால் அந்தப் பெட்டி செத்தாலும் விடாது. ம்ம்ம்ம் என்று பிரசவத்தில் கிடக்கும் மாடு மாதிரி ஹால் முழுக்க முழங்கிக்கொண்டே இருந்தது. ரேடியோவை விட்டுவிட்டு பாரிலிருந்த ஆண்கள் எல்லாரும் கதவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த முழக்கத்துக்கு நடுவில் அலோய்ஸ் மாமா மகளைப் பார்த்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமைக்குள் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதருக்குக் கிடையாது.

பெர்னீஸ் மேடைமேல் ஏறினாள். ஓடவில்லை. சத்தப் பெட்டியின் மின்சாரத்தை அணைத்தாள். முழக்கம் செத்தது. டிரம் பெட்டியை நிறுத்தினாள்.

"தொடாதே, பெர்னீஸ். உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும்."

"அழியட்டும்."

கம்ப்யூட்டரிலிருந்து டிரம் பெட்டிக்கு வந்த வயரை உருவினாள். இரண்டு முனையையும் பார்த்தாள். ஒரு முனையை ரப்பர் பலகையின் பின்பக்கத் துளையில் செருகினாள், மறு முனையை டிரம் பெட்டியில். அரை நிமிஷம் ஆகியிருக்காது. இருபத்திரண்டு வருஷம் பேசாதவள் அந்த அரை நிமிஷத்தில் பேசிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கோட்டுப் பையிலிருந்து குச்சிகளை எடுத்தாள். இவன் அடிக்க விடமாட்டான் என்று தெரிந்திருந்தும் எடுத்து வந்திருந்தாள், பாவி மகள்.

"டெல்மர், அக்கார்டியன்" என்றாள். "கம்ப்யூட்டர் இல்லாம. நீ வாசி."

என் அண்ணன் குனிந்து தன் மார்பில் தொங்கிய பெட்டியைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் துருத்தியை ஒருமுறை இழுத்தான். புஸ் என்று காற்று வந்தது. முந்நூறு பேரும் கேட்டார்கள்.

வரிசையின் நடுவிலிருந்து கிளாரன்ஸின் குரல் வந்தது. "நிறுத்தாதே, டெல்மர். ஹால் புழுக்கமாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பெர்னீஸ் சிரிக்கவில்லை. அவள் கண் அப்பாவின் வலது காலில் இருந்தது. அந்தக் கால் எழும்பும்வரை காத்திருந்தாள். எழும்பியதும், அது தரையைத் தொடும் கணத்துக்கு ஒரு மயிரிழை பின்னால், முதல் அடி அடித்தாள்.

சத்தம் பெட்டியுடையதுதான். யாரோ ஒரு ஆலையில் செய்து அடைத்த தகரச் சத்தம். ஆனால் இப்போது பெட்டிக்கு எதையும் நேராக்க நேரம் கிடைக்கவில்லை. பலகை 'அடி' என்றது, அது அடித்தது. அதே வயர்தான், அதே உத்தரவுதான். உத்தரவிட்டது இந்த முறை பெர்னீஸ்.

மாமா இடது காலை வைத்தார். அவள் அடித்தாள். வலது காலை இழுத்தார். அவள் காத்திருந்தாள். பிறகு அடித்தாள். ஒரு இடத்தில் அவர் நின்றுவிட்டார், மூச்சு வாங்க. அவள் கையைத் தூக்கியபடி நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். அவர் கால் அசைந்தது, குச்சி விழுந்தது. பின்னால் முந்நூறு பேரும் அந்தக் கறுத்த காலின் வேகத்துக்கு நடந்தார்கள். நால்வராகச் சேர்ந்தார்கள். எண்மராகச் சேர்ந்தார்கள். பாதிரியார் அழுதுகொண்டே நடந்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன், கோப்பைகள் கிணுகிணுப்பது எனக்கே தாங்கவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. அலோய்ஸ் மாமா மேடைக்கு முன்னால் வந்து நின்றார். ஹெட்விக் அத்தையின் நெற்றியில் முத்தமிட்டார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப எடுத்துக்கட்டும்" என்றார்.

பெர்னீஸ் குச்சிகளைக் கோட்டுப் பையில் வைத்தாள். முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

இந்த இடத்தில், மனிதனாகப் பிறந்த எவனும் அவள் கையைப் பிடித்திருப்பான். இல்லை, தலையைக் குனிந்துகொண்டாவது போயிருப்பான். டெல்மர் அக்கார்டியனைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் காதருகே வந்து, நல்ல யோசனை தோன்றியவன் முகத்தோடு சொன்னான்.

"பெர்னீஸ், அந்த மெதுவானது பிரமாதம். இந்த வாரம் கராஜில இன்னொரு தடவை அப்படியே அடிச்சுக் குடு. ஏத்தி வச்சுக்கிறேன். கிழங்கட்டைங்க விடுதியிலெல்லாம் நல்லாப் போகும்."

பெர்னீஸ் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

"நான் அப்பாவோட காலைப் பாத்து அடிச்சேன், டெல்மர். கராஜில எந்தக் காலைப் பாக்கிறது?"

அவன் நிஜமாகவே யோசித்தான். அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "கால்தான் வேணும்னா யாரையாவது நடக்கச் சொல்லலாமே" என்றான்.

அவள் பெற்றோரை வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு அவர்கள் பண்ணைக்குப் போனாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்குப் பிறகும் பண்ணையிலேயே இருந்தாள். மாமா ஒற்றைக் காலோடு இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் டெல்மர் ஒரே ஒரு தடவை போன் செய்தான். எந்தத் துளையில் எந்த வயர் என்று கேட்க. அவள் பொறுமையாகச் சொன்னாள். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். திரும்பி வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது அவள் கிளாரன்ஸோடும் வேறு இருவரோடும் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கிறாள். ஹால் கொள்ளாத கூட்டம். டெல்மருக்கும் வேலை இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் மத்தியானம் இரண்டு மணிக்கு, முதியோர் விடுதிகளில். போன மாதம் என் சின்னம்மாவைப் பார்க்கப் போனபோது பார்த்தேன். சக்கர நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. முன்னால் என் அண்ணன், துருத்தியை இழுத்து இழுத்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றான். நூற்றிப்பத்து, நூற்றிப்பத்து, நூற்றிப்பத்து. பாட்டு ஒருதரம் கூடத் தடுமாறவில்லை. அங்கே யாரும் நடப்பதில்லை.